பெரிய எழுத்துப் பிரதி

"இது ஆய்வேடா, சுவரொட்டியா?"

துறைத்தலைவர் பிரதியைத் தூக்கி மேசையில் போட்டார். எதிரே நின்ற முதுகலை மாணவிக்கு முகம் வெளுத்தது.

"ஃபான்ட் சைஸ் பன்னிரண்டு, மேற்கோள் எல்லாம் சாய்வெழுத்துல இருக்கணும்னு பலகையில ஒட்டியிருக்கு. நீ என்னடான்னா ஒண்ணாம் வகுப்புப் புத்தகம் மாதிரி அடிச்சிருக்க. மேற்கோளைத் தடி எழுத்துல தனியா நிறுத்தியிருக்க. பக்கத்தை ரொப்பத்தானே?"

"இல்ல சார். உங்களுக்கு விதிப்படி அடிச்சது பையில இருக்கு. மாத்திக் கொடுத்துட்டேன்."

அது இன்னும் வினையாகப் போனது.

"ஆளுக்கொரு பிரதியா? இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு எழுதி யாரை ஏமாத்தற? காரணம் சொல்லு. இல்லேன்னா கையெழுத்து கிடையாது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவள் தரையைப் பார்த்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. ஒரு வருஷம் பாழாகப் போகிறது, இவளுக்கு என்ன பிடிவாதமோ!

வழிகாட்டிப் பேராசிரியையை வரவழைத்தார்கள். மாணவர்கள் வைத்த பெயர் 'சிவப்பு மை' மேடம். மேற்கோளில் ஒரு கால்புள்ளி இடம் மாறினாலும் விடமாட்டார்.

மேடம் இரண்டு பிரதிகளையும் வாங்கிப் புரட்டினார். ஒன்றைச் சட்டென்று மூடினார். பெரிய எழுத்துப் பிரதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், இது எனக்காக அடிச்சது."

"உங்களுக்கா?"

"எனக்குப் பார்வை மங்கிட்டே வருது. வேலைக்கு ஏதாவது வந்துடுமோன்னு பயந்து யார்கிட்டயும் மூச்சு விடலை. இவ கொடுக்கறதை மட்டும்தான் கஷ்டமில்லாம படிச்சேன். பெரிசா அடிக்கறது இவ பழக்கம்னு நெனச்சிருந்தேன். எனக்குன்னு தனியா அடிச்சிருக்கான்னு இப்பதான் தெரியுது."

துறைத்தலைவர் விதிப்படி இருந்த பிரதியை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"சொல்லியிருக்கலாமே மேடம். வேலையை விட்டா அனுப்பிடப் போறோம்?"

வெளியே வந்ததும் மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"வருஷமே போனாலும் என்னைக் காட்டிக் கொடுக்கலையே. உனக்கு எப்படிம்மா நன்றி சொல்றது?"

"அதெல்லாம் எதுக்கு மேடம்."

"என் வீட்டுல இருக்கறவங்களுக்கே தெரியாது. நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

அவள் சொல்லத் தயங்கினாள்.

"முதல் அத்தியாயத்துல மேற்கோள் எல்லாம் சாய்வெழுத்துலதான் வெச்சேன் மேடம். அவசரத்துல ஏகப்பட்ட பிழை. நீங்க ஒண்ணைக்கூடத் திருத்தாம, 'மிக நன்று'ன்னு எழுதிக் கொடுத்தீங்க."