தனிச் சட்டி

“உப்பு மட்டும் போட்டுறாத தங்கச்சி. பிரஷர் ஏறிக் கெடக்கு. ஒரு கல்லு உப்புகூட ஆகாதுன்னுட்டாரு டாக்டரு.”

பையை இறக்கி வைக்கும் முன்பே சுடலைராஜ் இதைச் சொல்லிவிட்டான். ஃப்ளோரன்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னாண்ணா, தூத்துக்குடிக்காரரு நீங்க. ஊரே உப்பளம். உங்களுக்கே உப்பு ஆவலயா?”

ஈஸ்டர் லீவுக்கு ராயபுரம் வந்திருந்தார்கள் இருவரும். சுடலைராஜ் தூத்துக்குடியிலிருந்து, மொஹ்சின் பழவேற்காட்டிலிருந்து. ஃப்ளோரன்ஸின் புருஷன் செல்வத்தோடு ஒரு காலத்தில் எண்ணூரில் லோடு ஏற்றியவர்கள். லோடு ஏற்றியதைவிட அடிதடிக்குப் போனதுதான் அதிகம்.

போன வருஷம் சுடலைராஜின் தம்பியைத் திருவொற்றியூரில் வைத்து ஒரு கும்பல் வெட்டிப் போட்டுவிட்டது. மனுஷன் அதிலிருந்தே பேயறைந்தவன் மாதிரி இருக்கிறான், நாலு நாள் நம் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டால் தேறுவான் என்று செல்வம்தான் போன் போட்டு அழைத்தான்.

பெரிய வெள்ளியன்று கஞ்சி. சுடலைராஜுக்கு மட்டும் தனிச் சட்டி. துக்க நாளாயிற்றே என்றுகூடப் பார்க்காமல் பேச்செல்லாம் ரத்தம்தான். எவன் காதை எவன் அறுத்தான், எவன் தன் குடலைத் துண்டில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். செல்வம் மூன்றே விரல் இருக்கும் வலது கையால் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மற்ற இரண்டும் ஏதோ சண்டையில் போனவை என்பதற்கு மேல் அவன் பெண்டாட்டியிடமும் சொன்னதில்லை.

“இவன் ஒருத்தன வெட்டப் போயி, ஆள் தெரியாம அவன் வூட்லயே உப்பு மோர் வாங்கிக் குடிச்சிட்டு, கத்திய மடிச்சிக்கினு திரும்பி வந்தான் பாரு” என்று மொஹ்சின் சுடலைராஜைக் காட்டிச் சிரித்தான். சுடலைராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை வஞ்சிரம் குழம்பு. உப்பில்லாத குழம்பை வாயில் வைத்ததும் சுடலைராஜின் முகம் போன போக்கைப் பார்த்து ஃப்ளோரன்ஸுக்கு மனசு கேட்கவில்லை. மொட்டை மாடியில் தன் கையால் போட்டுக் காயவைத்திருந்த வாளைக் கருவாட்டைச் சுடுதண்ணியில் நாலு தடவை அலசி, மிளகாய்த்தூள் தடவி வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

“தங்கச்சி, இதுக்குச் சொத்தையே எழுதி வைக்கலாம்” என்று இன்னொரு துண்டும் கேட்டு வாங்கித் தின்றான். விருந்தாளி வயிறு நிறைந்ததில் அவளுக்கும் நிம்மதி.

ஞாயிறு பூசை முடிந்து கறிக்குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவி வந்த சுடலைராஜ், வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

அடுத்த நொடி செல்வத்தின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். பல்லொன்று தெறித்துக் குழம்புச் சட்டியில் விழுந்தது. தடுக்க ஓடிவந்த மொஹ்சினின் மண்டையில் அம்மிக் குழவியால் ஒரே போடு. அவன் எச்சில் இலை மேலேயே சுருண்டு விழுந்து முனகினான். பையில் துண்டு சுற்றி வைத்திருந்த கத்தி செல்வத்தின் கழுத்துக்கு வந்துவிட்டது.

“ஐயோ, வுடுண்ணா!” ஃப்ளோரன்ஸ் பாய்ந்தாள். சுடலைராஜ் விட்ட உதையில் அடுப்படிக் கதவு நிலையில் போய் மோதி விழுந்தாள்.

“என் தம்பி ஒளிஞ்சிருந்த வீட்ட அவனுவளுக்குக் காட்டிக் குடுத்தது நீதானல?”

செல்வம் மறுக்கவில்லை. “ரெண்டு வெரல நறுக்கினப்பறம்தாண்டா வாயத் தொறந்தேன். மூணாவது வெரல்ல கத்திய வெச்சானுங்க... முடில மச்சான்.”

“ஒனக்குப் போனது ரெண்டு விரலு. எனக்கு இருந்தது ஒரே தம்பி. துணியில அள்ளி முடிஞ்சில்லா ஊருக்குக் கொண்டு போனேன்!”

கத்தி அழுந்தியது. தோல் கிழிந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கியது.

“மூணு நாளா என் வூட்டு உப்பத் துன்னுட்டு...” என்றான் செல்வம்.

சுடலைராஜ் முதல் தடவையாகச் சிரித்தான்.

“எங்கல தின்னேன்? உப்பு தின்ன வீட்டுல கத்தி எடுத்தா இந்தக் கை அழுகிப் போவும்னு எங்காத்தா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணவன் நான். இன்னைக்கு வரைக்கும் அத மீறுனதில்ல. பிரஷராவது மண்ணாவது! அதுக்காவத்தாம்ல மூணு நாளும் சப்புச் சப்புன்னு முழுங்கினேன்.”

விழுந்து கிடந்த ஃப்ளோரன்ஸுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இந்தப் பாவிக்கா பார்த்துப் பார்த்துத் தனிச் சட்டியில் ஆக்கிப் போட்டோம் என்று வயிறு எரிந்தது.

“நீயே சொல்லு தங்கச்சி” என்றான் அவன், கத்தியை ஓங்கியபடி. “உங்க வீட்டு உப்பு ஒரு கல்லாவது என் வயித்துல இருக்கா?”

ஃப்ளோரன்ஸ் வாயில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“உப்பு போடாத கருவாடு ஏதுண்ணா?”