என்ன செல்?

"செல் துண்டுதான்! நான் அப்பவே சொன்னனான்" என்றார் சபாரத்தினம்.

சிவானந்தனுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. பெற்றோல் ஷெட் ஷிப்டை இன்னொருவன் தலையில் கட்டிவிட்டு, லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து மொழிபெயர்க்கவென்று ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவன் அவன். இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்குள் கிழவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

டொக்டர் சொன்னது வேறு. கிழவரின் வயிற்றில் ஒரு டியூமர், புற்றுநோய்க் கட்டி. உடம்பைக் காக்க வேண்டிய மாஸ்ட் செல்கள் அதைச் சுற்றிக் கூடி நிற்கின்றன. அவை கட்டியோடு சண்டை பிடிக்கின்றனவா, அதற்கு இரத்தம் வர வழி வெட்டிக் கொடுக்கின்றனவா என்று இன்னும் பிடிபடவில்லை. வெட்டி எடுப்பதை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா?

யாழ்ப்பாணத்தில் ஆமி அடித்த குண்டுக்கும் செல் என்றுதான் பெயர். வந்தது வினை.

"ஐயா, இது ஆமி அடிக்கிற செல் இல்லை. உடம்பில இருக்கிற செல்..."

"உடம்பிலதான் இருக்குது. அதைத்தானே நானும் சொல்லுறன். வீட்டில விழுந்த செல்லின்ர மிச்சம்."

"ஐயோ, இது மாஸ்ட் செல் ஐயா!"

"பேர் என்னவாயும் இருக்கட்டும். ஆமியிட்ட எத்தினை விதம் இருக்கு!"

பக்கத்திலிருந்த கிழவரின் மனைவி சந்திரவதனா கையெடுத்துக் கும்பிட்டார்.

"முருகா! புற்றுநோயாக்கும் எண்டு செத்துக்கொண்டிருந்தன். என்ர அம்மாவும் அக்காவும் அதிலதானே போனவை. செல் துண்டெண்டால் பறவாயில்லை. முந்தித் தொடையில இருந்ததையும் வெட்டி எடுத்தவை. சுகமாய் எழும்பி வந்திட்டார்."

'விளக்கிவிட்டாயா?' என்பதுபோல் டொக்டர் பார்த்தார். என்னத்தை விளக்குவது! ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான் என்று லண்டன் தமிழாக்களிடம் பெயர் எடுத்தவன் சிவானந்தன். இந்த மனுசனால் அந்தப் பெயரும் போகப்போகிறது.

"அம்மா, நீங்களாவது கேளுங்கோ..."

சபாரத்தினம் அவசரமாக மறித்தார். "இஞ்சரும், நீர் போய் மோர்டனில இருக்கிற மகளுக்குப் போன் எடும். பிள்ளை ஏங்கிக்கொண்டிருக்கும்."

சந்திரவதனா வெளியே போய்க் கதவு சாத்தியதும் அவர் திரும்பினார்.

"தம்பி, நான் பள்ளிக்கூடத்தில உயிரியல் படிப்பிச்சனான். உந்தச் செல்லை அங்க கலம் எண்டு சொல்லுறது. டொக்டர் சொன்னது முழுக்க விளங்கினது."

"பிறகேன் ஐயா என்னோட இந்தக் கூத்து?"

"ஒப்பிரேசன் முடியுமட்டும் அவ நித்திரை கொள்ளட்டும். பிறகு நானே சொல்லுவன்." கொஞ்சம் சிரித்தார். "ஆராய்ச்சிக்குச் சம்மதம் எண்டு சொல்லும். கட்டியைச் சுத்தி நிக்கிறவை எங்கட ஆக்களோ, மற்றப் பக்கமோ எண்டு அறிய எனக்கும் ஆசை."

சிவானந்தன் சம்மதத்தை டொக்டரிடம் சொல்லி முடித்தான்.

கதவு திறந்தது. சந்திரவதனா நேரே அவனிடம்தான் வந்தார்.

"மகள் நம்பிறாள் இல்லை. தம்பி, நீங்கள் பொய் சொல்லாத பிள்ளை எண்டு எல்லாரும் சொல்லுறவை. உண்மையைச் சொல்லுங்கோ. செல்தானே?"

சபாரத்தினம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அம்மா" என்றான் சிவானந்தன், ஒரு சொல்லைக் கூட்டாமல், குறைக்காமல். "செல்தான்."