இருமல் பொத்தான்

மறுபடியும் இருமல் வந்தது. அவள் அவசரமாகச் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து இருமி முடித்தாள்.

"இந்த இருமலைக் கேட்டா மேடையில இருக்கற மேஜர் மறுபடி துப்பாக்கியைத் தூக்கிடுவாரு," என்றார் பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்புக் கூட்டாளி. "எங்கிட்ட விடும்மா, நான் பார்த்துக்கறேன்."

"கேள்வி நேரம் மட்டும்தானே அண்ணே. முடிச்சிடறேன்."

இலக்கிய விழா அரங்கின் பின்சுவரை ஒட்டி நின்ற கண்ணாடிக் கூண்டு அது. மேடையில் வேற்று மொழியில் பேசுவதைக் காதில் வாங்கி, அதே மூச்சில் நம் மொழியில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பார்வையாளர்கள் ஹெட்போனில் கேட்பார்கள். அவர்கள் கேள்வி கேட்டால் இதே வேலை தலைகீழாக நடக்கும், மேடையில் இருப்பவரின் ஹெட்போனுக்கு.

ஒரு வாக்கியம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. அதனால் மொழிபெயர்ப்பு எப்போதும் சில சொற்கள் பின்னால்தான் ஓடும். இரும வேண்டுமானால் சிவப்புப் பொத்தான். விரல் அதன்மேல் இருக்கும்வரை யார் காதுக்கும் எதுவும் போகாது.

இன்னொரு விதியும் உண்டு. பேசுபவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அதனால்தான் அன்று அவள், "நான்தான் சுடச் சொன்னேன்" என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

மேடையில் இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர். 'வரலாறும் தவறான புரிதலும்' என்பது பேச்சின் தலைப்பு. கலவரக் காலத்தில் அவருடைய சோதனைச்சாவடியை நோக்கி ஒரு பால் வண்டி வேகமாக வந்தது. ஓட்டி வந்த இளைஞன் தலையை வெளியே நீட்டி, "பிரேக் பிடிக்கல, தள்ளிப் போங்க" என்று கத்தினான். சாலையோரம் நின்றவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது. மேஜர் சுட உத்தரவிட்டார். இளைஞன் இறந்துபோனான்.

'அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. மிரட்டுகிறான் என்று நினைத்தேன்.' விசாரணையில் அவர் சொன்னது இவ்வளவுதான். இப்போது வெளிவந்திருந்த தன் புத்தகத்திலும் அதையே எழுதியிருந்தார். மொழி தெரியாமல் நேர்ந்த பிழை என்று விசாரணைக் குழு கோப்பை மூடிவிட்டது.

அந்த இளைஞனின் அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வழக்கை மறுபடி திறக்கச் சொல்லி அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எங்கே போனாலும், "மொழி தெரியாத மனுஷனை என்னம்மா பண்ண முடியும்?" என்றுதான் திருப்பி அனுப்பினார்கள்.

மேஜர் தொண்டையைச் செருமினார். மேடையில் இருந்த தொகுப்பாளர் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்து, "குடிங்க சார். எங்க ஊர்த் தண்ணிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்ல," என்றார். அரங்கம் சிரித்தது. மேஜரும் சிரித்தார்.

"வேகம்னா இதுதாம்மா," என்றார் கூட்டாளி. "கூட்டத்தோட சேர்ந்தே சிரிக்கிறாரு பாரு. நான் சொல்லியிருந்தா, வீட்டுக்குப் போய்தான் சிரிச்சிருப்பாரு."

அவள் தொண்டையைத் தடவிக்கொண்டாள். கண் மட்டும் மேடையிலேயே இருந்தது.

"கடைசிக் கேள்வி," என்றார் தொகுப்பாளர். மூன்றாவது வரிசையில் அக்கா எழுந்தாள். மேஜருக்கு மாலையிலேயே விமானம். இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை. இதை விட்டால் அக்காவுக்கு வேறு வாய்ப்பு இல்லை.

"நான் அந்தப் பால் வண்டி ஓட்டின பையனோட அக்கா."

கூண்டிலிருந்து மொழிபெயர்ப்பு போனது. மேஜர் அதைக் கேட்டு முடித்த பிறகே தலை குனிந்தார். "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். அவர் சொன்னது எனக்குப் புரிந்திருந்தால், இன்று அவர் உயிரோடு இருந்திருப்பார்."

அதையும் கூண்டில் அவள் பிசகாமல் சொன்னாள். அக்கா ஒலிவாங்கியை வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

"சரி, அவன் பேசினது புரியலன்னே வச்சுக்குவோம்..."

கூண்டில் அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். இருமல் வரவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

"என்னம்மா பண்ற?" கூட்டாளி பதறினார். "அந்தம்மா பேசிட்டு இருக்காங்க, ஒண்ணுமே போகல. பாவம், இதுக்குன்னே வந்திருக்காங்க."

அவர் தன் ஒலிவாங்கியை நோக்கிக் கையை நீட்டினார். அவள் மறு கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அரங்கில் அக்காவின் குரல் உயர்ந்தது. "ஹாரன் அடிச்சுக்கிட்டேதானே வந்தான்? ஊருக்கே கேட்டுச்சு. ஹாரன் சத்தம் புரியறதுக்குமா மொழி வேணும்?"

மேஜரின் முகம் சிவந்தது. அக்கா கேட்டு முடித்த மறுகணமே அவர் முன்னால் சாய்ந்து, தன் மொழியில் அழுத்தமாகச் சொன்னார். "இல்லை. அவன் ஹாரன் அடிக்கவே இல்லை."

கூட்டாளியின் கை அப்படியே நின்றது. அவர் கண்ணாடி வழியே மேடையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். மேஜர் என்ன சொன்னார் என்று கேட்க, ஹெட்போன் மாட்டியிருந்த அத்தனை தலைகளும் கூண்டுப் பக்கம் திரும்பின.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். மேஜரின் பதிலை வரி பிசகாமல் சொன்னாள். பிறகு அன்று முதல் முறையாகத் தனக்கென்று ஒரு 'நான்' எடுத்துக்கொண்டாள், மேஜரின் ஹெட்போனுக்கும் சேர்த்து, நம் மொழியிலேயே.

"மன்னிக்கணும் மேஜர், அந்தம்மா கேட்டதை நான் இன்னும் மொழிபெயர்க்கவே இல்ல."