வலது பாதம் பாக்கி

"இடது பாதத்தைத் தளர விடுங்க ஐயா. விட்டாச்சா? இப்போ இடுப்புக்கு வாங்க. மூச்சு மெதுவா…"

"வரமாட்டேன்" என்றார் பீரங்கி, கண்ணைத் திறக்காமலே. "வலது பாதம் பாக்கி இருக்கு."

பீரங்கிப் படையில் இருந்தவர். ஆனால் வார்டில் அந்தப் பெயர் வந்தது அவருடைய குரலால்தான். பழைய சிப்பாய்களுக்கான மருத்துவமனை அது. சர்க்கரை வியாதி முற்றி, தூக்கத்தையும் தொலைத்துவிட்டு வந்து படுத்திருந்தார்.

மூச்சைக் கவனித்து, உடம்பை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்தித் தூங்கச் சொல்லிக்கொடுக்க, மத்தியானங்களில் கட்டில் கட்டிலாக ஒரு பெண் வருவாள். இன்று கடைசி வகுப்பு. இதிலும் தூங்காவிட்டால் மறுபடியும் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன தடவை அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் மனைவியைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டவர் அவர்.

அந்த மனைவி ஜன்னல் கம்பியில் ஒற்றைக் காலுறையைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பினாள். "சும்மா படுங்களேன். சண்டை போட்டா தூக்கம் வருமா?"

"சண்டை இல்ல, நியாயம் கேக்கிறேன். பக்கத்துக் கட்டில் சமையக்காரனுக்கு ரெண்டு பாதமும் சொன்னா. என் காதால கேட்டேன். எனக்கு மட்டும் தினமும் ஒண்ணுதான்."

படைக்கே சமைத்துப்போட்ட அந்தச் சமையல்காரர் போர்வைக்குள்ளிருந்து முனகினார். "யோவ் பீரங்கி, என் பங்கையும் நீயே வச்சுக்க. ஆளை விடு."

"உன் பங்கு யாருக்கு வேணும்? என்னோடதைக் குடுக்கச் சொல்லு." பீரங்கி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "அதைச் சொல்லாட்டி நான் தூங்கப்போறதில்ல. மாத்திரையும் முழுங்கப்போறதில்ல. வேணும்னா டாக்டரை வரச் சொல்லுங்க. பெண்டாட்டி முகத்தை மறக்கடிக்கிற மாத்திரையை அவரே முழுங்கட்டும்."

"ஐயோ, மானம் போகுது" என்றாள் மனைவி. ஆனால் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நான் மறந்து விடல ஐயா. தெரிஞ்சேதான் விட்டேன். சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு…"

பீரங்கி கண்ணைத் திறந்தார். அவர் குரலும் இப்போது தாழ்ந்திருந்தது.

"மனசு கிடக்கட்டும்மா. ராத்திரி பூரா தூங்க விடாம வலிக்குதே, அது வெட்டி எடுத்த அந்தக் கால்தான்."