கேட் போட்டாச்சு

நகரத்தை ஒட்டிய ஏரிக்காட்டில், நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஈர இலைக்குவியலுக்குப் போயே தீருவது என்று கிளம்பியது ஒரு மரவட்டை.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. டவுன் ஜனம் பிள்ளைகுட்டியோட நடக்க வரும். நசுங்கிப் போயிடுவே," என்றது பக்கத்திலிருந்த நத்தை.

"நேத்து வெயில்னு சொன்னே, இன்னிக்கு ஜனம்ங்கறே. நீ இங்கயே கிட, நான் போறேன்."

பாதிப் பாதையில் தரை அதிர்ந்தது. பெரிய ஷூ ஒன்றின் நிழல் மேலே விழுந்தது. பயந்தால் சுருண்டுகொள்வது மரவட்டைக் குல வழக்கம். நடுவழியில் சுருண்டால் கதை முடிந்தது என்று, அது அத்தனை கால்களையும் எட்டிப் போட்டது.

"அப்பா, நில்லு! ரயில் பூச்சி வருது. கேட் போட்டாச்சு!" ஒரு சிறுமி இரண்டு கைகளையும் குறுக்கே நீட்டினாள்.

"நேரமாச்சு ஓவியா, பறவையெல்லாம் பறந்துடும்."

"ரயில் போனாத்தான் கேட் திறக்கும்."

தூக்கிய கால் பின்வாங்கியது. பின்னால் வந்தவர்களும் வரிசையாக நின்றார்கள். ரயில் யாரென்று தெரியாமலேயே மரவட்டை இலைக்குவியலைத் தொட்டது.

"வந்து சேர்ந்துட்டேன்!" என்று கத்தியது.

நத்தை ஓட்டிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. "இரு, நானும் வரேன்," என்று பாதையில் இறங்கியது.

அப்பா நடக்கப் போனார். ஓவியா கைகளை இறக்கவில்லை.

"பின்னாடியே கூட்ஸ் வண்டி வருதுப்பா."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.