இருபத்து மூன்றாவது வண்டி

"இது ஆகாது. திருப்பிக் கொண்டு போங்க" என்றார் குரோய்வா. ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், பழைய சைக்கிள் சங்கத்தின் சோதனையாளர்.

தொயோகோவுக்கு முகம் சிவந்துவிட்டது. கோயில் மைதானத்தில் இருபத்திரண்டு ஆண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய சைக்கிள்களை ஒரு பார்வை பார்த்து, ஒரு தட்டு தட்டித் தேர்ச்சிச் சீட்டுக் கட்டிவிட்டவர், இவளுடையதை மட்டும் முக்கால் மணி நேரம் குடைந்திருக்கிறார்.

"என்ன குறை?"

"ஹேண்டில்பார் தண்டு அளவுக்கு மேல வெளிய நிக்குது."

"எப்படிச் சரி பண்றது?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க. விதி."

சங்கத்தின் விதி பதாகையிலேயே இருந்தது. நாற்பது வயது தாண்டிய எஃகு சைக்கிள். சொந்தக் கையால் பழுது பார்த்திருக்க வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறு அதில் ஷிராகபா கணவாய் ஏற வேண்டும். தள்ளிக்கொண்டு போனவர் பெயர் உச்சியிலுள்ள பலகையில் ஏறாது. அந்தப் பலகையில் இதுவரை ஒரு பெண் பெயர்கூட இல்லை.

தொயோகோ ஸ்டேஷன் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். இருபது வருஷமாகக் கணவாய் உச்சியில் நின்று, மூச்சு வாங்க வரும் ஆண்களுக்குச் சோற்றுருண்டை நீட்டினாள். போன வருஷம், "நானும் ஓட்டட்டுமா?" என்று கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

நகராட்சிக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த துருப்பிடித்த பந்தய சைக்கிள் ஒன்றை வாங்கினாள். சீட் தண்டு பிரேமோடு ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய், வெந்நீர், சுத்தியல் என்று பதினோரு நாள் மல்லுக்கட்டிய பிறகுதான் அசைந்து கொடுத்தது. அவளுடைய கறுத்த நகங்களைப் பார்த்து வாடிக்கையாளர்கள் முகம் சுளித்ததால், கடையில் மகள்தான் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

"தொயோகோ சான், பேசாம அரிசியைக் கழுவுங்க" என்றார் ஹொரியுச்சி. சங்கத் தலைவர். "இதெல்லாம் கைப்பழக்கம். என் வண்டில ஒவ்வொரு நட்டும் நானே முடுக்கினது, தெரியுமா?"

"அப்படியே இந்த வருஷம் சோற்றுருண்டையையும் நீங்களே பிடிச்சுக்குங்க, தலைவரே. சொந்தக் கையால!"

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது சோதனை. குரோய்வா பிரேக்கைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார்.

"ஆகாது. பிரேக் கட்டையைத் திருப்பி மாட்டியிருக்கீங்க. ரப்பரைப் பிடிக்கிற கூட்டோட திறந்த பக்கம் முன்னாடி பார்க்குது. இறக்கத்துல பிடிச்சா ரப்பர் உருவிக்கிட்டுப் பறந்துடும்."

பயம்தான். ஆனால் அதைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

"பொம்பளை ஓட்டக் கூடாதுன்னு நேராவே சொல்லிடுங்களேன்!"

குரோய்வா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் கடைசி நட்டு வரை பிரித்துப் போட்டாள். மாட்டினாள். திரும்பப் பிரித்தாள். நான்காவது முறை மாட்டும்போது கை தானாகவே எல்லாவற்றையும் செய்தது.

கிளம்பும் நாள் காலையில் மூன்றாவது சோதனை. குரோய்வா குழாய் குழாயாக ஸ்பேனரால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். சக்கரத்தைச் சுற்றினார், கம்பிகளை எண்ணினார். குளிரில் கைகளைத் தேய்த்தபடி ஆண்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மணி நேரம் ஆனபிறகு, சீட்டைக் கட்டினார்.

தொயோகோ மிதித்தாள்.

பதினோரு கிலோமீட்டர் ஏற்றம். எல்லோரும் முந்திப் போனார்கள். தொடை எரிந்தது. 'இறங்கித் தள்ள மாட்டேன், செத்தாலும் தள்ள மாட்டேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

ஒன்பதாவது வளைவில் ஹொரியுச்சி பரிதாபமாக நின்றுகொண்டிருந்தார்.

"செயின் கழண்டுடுச்சு. பின்னாடி வேன்ல குரோய்வா வந்துடுவாரு..."

"செயினுக்கா?"

இந்தச் சரிவில் நிறுத்தினால் மறுபடி ஏறி மிதிப்பது லேசில்லை. ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. இறங்கினாள். இரண்டு விரலால் செயினைத் தூக்கிப் பல்லில் மாட்டிவிட்டு, தன் வண்டியில் ஏறினாள். தடுமாறினாள், விழப் பார்த்தாள், ஆனால் மிதித்துவிட்டாள். ஹொரியுச்சி ஏதோ வித்தையைப் பார்த்தவர் போல அப்படியே நின்றார்.

உச்சிக்குக் கடைசியாக வந்தது அவள்தான். ஆனால் சீட்டில் உட்கார்ந்தபடி வந்தாள். கடையில் வாங்கிய சோற்றுருண்டைகளின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள், வேறு வழியில்லாமல் கைதட்டினார்கள். வேனில் வந்து இறங்கிய குரோய்வா, நேரே போய்ப் பலகையில் அவள் பெயரை எழுதினார். தொயோகோவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அழுது முடித்ததும் அவரை ஓரமாக இழுத்துப் போனாள்.

"இப்பவாவது சொல்லுங்க. அவங்க வண்டியையெல்லாம் ஒரு தட்டோட விட்டீங்க. என்னை மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்தினீங்க?"

குரோய்வா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த இருபத்திரெண்டும் என் கடைப் பின்கதவு வழியா வந்துட்டுப் போன வண்டிங்க. நான் முடுக்கின நட்டை நானே எதுக்குச் சோதிக்கணும்? முப்பது வருஷத்துல ஓட்டறவங்களே சொந்தக் கையால சரி பண்ணின வண்டின்னு என்கிட்ட வந்தது உங்களோடது ஒண்ணுதான், தொயோகோ சான்."