கண்மூடிய படங்கள்

கல்யாணப் படத்தில் தில்லைநாயகி மட்டும் கண்ணை மூடியிருந்தாள். எல்லோரும் கேலி செய்ததில் அழுதே விட்டாள். மறுவாரம் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படத்தில் கணவர் தணிகாசலமும் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து முப்பத்தாறு வருடமாக எந்தப் படமானாலும் இருவரும் கண்மூடித்தான் நின்றார்கள், மகள் கல்யாணத்தில்கூட.

அந்த மகளைப் பார்க்கப் போக இப்போது விசாவுக்குப் படம் வேண்டும். கண் திறந்திருந்தே ஆக வேண்டுமாம். ஸ்டூலில் தனியாக உட்கார்ந்த தில்லைநாயகிக்கு ஐந்து முறையும் இமை தானாக விழுந்தது. ஸ்டுடியோக்காரர் அலுத்துக்கொண்டார்.

தணிகாசலம் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார்.

“ரெண்டு பேருக்கும் சேத்து நானே மூடிக்கிறேன். நீ பாரு.”

மூடிக்கொண்டார். படம் எடுக்கும்போது அந்த முகம் எப்படியிருக்கும் என்று அவள் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

ஃப்ளாஷ் அடித்ததே அவளுக்குத் தெரியவில்லை.